எம் சைஸ் நாகஜோதி

"வேற ஆளை நிக்கச் சொல்லுங்க மாஸ்டர். நான் இப்ப எம் சைஸ் இல்ல."

நாகஜோதி சேம்பிள் ரூம் வாசலிலேயே நின்றுவிட்டாள். பேட்டர்ன் மாஸ்டர் கந்தவேல் கழுத்தில் தொங்கிய டேப்போடு நிமிர்ந்து பார்த்தார். உடனே பார்வையைச் சீலிங் ஃபேனுக்கு மாற்றிக்கொண்டார். பத்து மாத சிகிச்சை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவர் ஃபேனோடுதான் பேசுகிறார்.

"அதை டேப்பு சொல்லோணும் அம்மிணி. நீங்க சொல்லப்படாது."

முதலிபாளையத்தில் அந்தப் பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாக எம் சைஸ் என்றால் நாகஜோதிதான். பெண்களுக்கான டி-ஷர்ட் எதுவானாலும் முதல் சேம்பிளை அவள் போட்டு நிற்பாள். போட்டோ ஜெர்மனிக்குப் போகும். அங்கே சரக்கு வாங்கும் பையர் சரி என்றால் ஐம்பதாயிரம் பீஸ் வெட்டுவார்கள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பெண்கள் அவள் அளவில் உடுத்திக்கொண்டு திரிகிறார்கள். ஒருத்தியும் இதுவரை நன்றிக் கடிதம் போட்டதில்லை.

போன வருடம் மார்பில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன் செய்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். மாஸ்டருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் விசாரிப்பது ஆண்பிள்ளைக்கு அழகில்லை என்பது அவர் கட்சி.

இளைத்துப் போய் வருவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மாத்திரை நாலு கிலோ ஏற்றி அனுப்பியது. "உன்னை யாரு உத்துப் பாக்கப் போறா?" என்று கணவன் ஜெயபாண்டி ஆறுதல் சொன்னான். அவளை உற்றுப் பார்ப்பதற்கென்றே ஜெர்மனியில் ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள் என்பதை அவன் மறந்துவிட்டான்.

பையரோடு பேசும் மெர்ச்சண்டைசர் சித்ராதேவி டேப்பை வாங்கி, திரைக்குப் பின்னால் அழைத்துப்போய் அளந்தாள்.

"சுத்தளவு எம் சைஸ் சார்ட்டுக்குள்ளதான் இருக்குதுங்க அக்கா. அப்புறம் என்ன?"

"உள்ள பனியன் வேஸ்ட் துணியை அடைச்சு வெச்சிருக்கேன் சித்ரா. ஆஸ்பத்திரியில காட்டுன பேடு ஒழுங்கா உக்காரல. நானே தெச்சுட்டேன். மூணு தடவை பிரிச்சுத் தெச்சது."

"தெரியவே இல்லீங்க."

"உனக்குத் தெரியாது. அந்த ஜெர்மன்காரிக்குத் தெரியும். இப்பவே சொல்லிப்புடுறேன். வேஸ்ட் வெச்ச பக்கத்துல ஒரே ஒரு கமெண்ட் வரட்டும். அன்னிக்கே செக்கிங் டேபிளுக்குப் போயிருவேன். இந்தக் கண்ணாடி முன்னால மறுபடி நிக்க மாட்டேன்."

திரைக்கு இந்தப் பக்கம் மாஸ்டர், கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். கத்தரிக்கோலை எடுக்குமுன் தினமும் ஒரு கும்பிடு உண்டு. இன்றைக்கு இது இரண்டாவது.

முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று சித்ராதேவி போட்டோ எடுத்தாள்.

"கடைசியா ரெண்டு கையையும் தூக்கோணும். முடியுங்களா அக்கா?"

ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு கை தோளுக்கு மேல் எழவில்லை. மண்ணரையில் இருக்கும் வாடகை வீட்டில் தினமும் சுவரில் விரல்களை ஏற்றி ஏற்றிப் பழகினாள். எட்டிய இடத்தில் மார்க்கிங் சாக்பீஸால் கோடு. கோடுகள் காலண்டரைத் தாண்டி டியூப்லைட்டை நெருங்கிவிட்டன. வீட்டு ஓனர் வெள்ளையடிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தூக்கினாள். இரண்டு கையும் ஒரே உயரம்.

மூன்றாம் நாள் சித்ராதேவி மெயிலைப் படித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"மாஸ்டர், பையர் கமெண்ட்ஸ் வந்திருச்சுங்க. கழுத்து ஓகே. கை ஓகே. முன்பக்கம்..."

மூலையில் நாகஜோதியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"படி சித்ரா."

"அப்புறம் பாத்துக்கலாங்க அக்கா."

"படிங்கிறேன்ல."

சித்ராதேவி ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னாள். "போட்டிருப்பவரின் வலது மார்புப் பக்கம் துணி இழுக்குது. சுருக்கம் விழுது. இடது பக்கம் ரொம்பக் கச்சிதம். வலதையும் இடது மாதிரியே கொண்டுவந்து, மறு சேம்பிள் அனுப்பவும்."



"என்ற தப்புதானுங்க," என்றார் மாஸ்டர் அவசரமாக. "வலது பக்கம் வெட்டறப்ப கை நழுவிப்போச்சு."

"துணியை மடிச்சுப் போட்டு ஒரே வெட்டா வெட்டுறீங்க. ஒரு பக்கம் மட்டும் எப்படி மாஸ்டர் நழுவும்?"

முப்பது வருட சர்வீசில் மாஸ்டர் சொன்ன முதல் பொய் அரை நிமிடம்கூடத் தாங்கவில்லை.

"செக்கிங்குக்கெல்லாம் போகாதீங்க அக்கா," என்றாள் சித்ராதேவி.

மாஸ்டர் ஃபேனைப் பார்த்தபடி தொண்டையைச் செருமினார். "வந்துங் அம்மிணி... தப்பா எடுத்துக்கப்படாது... அந்தப் பக்கத்து வேஸ்ட்டுல... ரெண்டு பிடி கொறச்சுப்போட்டா..."

நாகஜோதி கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வலது பக்கத்தைப் பார்த்தாள். இடது பக்கத்தைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்காமல் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதாயிற்று.

"கொறைக்க முடியாது மாஸ்டர்."

"ஏனுங்க?"

"எனக்கு ஆபரேஷன் நடந்தது இடது பக்கம். அது சார்ட்டைப் பாத்து நான் தெச்சது." இடது கையை முழுசாக உயர்த்தி, கண்ணாடிக்கு மேலே இருந்த முருகன் படத்தைக் காட்டினாள். "வலது பக்கம் அவரு தெச்சது. கமெண்ட்டை அங்க ஃபார்வர்டு பண்ணுங்க."