எலி குடியிருந்த கார்

ஞானதிரவியம் வீட்டுப் பழைய காருக்குள் ஓர் எலி குடியிருந்தது. வாரம் ஒரு வயரைக் கடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கார் கிளம்பாது. அவர் சட்டையெல்லாம் கிரீஸோடு அடியில் படுத்துக்கிடப்பார். தெருவே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லும்.

ஒருநாள் எலி, "பக்கத்துல நிக்கிற நம்ம வீட்டுப் புதுக் காருக்குப் போறேன். அங்கே வயரெல்லாம் அல்வா மாதிரி இருக்கு," என்றது.

"நீ போயிட்டா நான் நல்லா ஓடிருவேனே," என்று பழைய கார் கலங்கியது.

எலி கேட்கவில்லை.

அந்த ஞாயிறு சாவியைத் திருப்பியதுமே பழைய கார் கிளம்பிவிட்டது. கூடியவர்கள் கலைந்தார்கள். ஞானதிரவியம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு இன்ஜினை அணைத்து, காரை உறை போட்டு மூடிவிட்டு டிவி பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை புதுக் கார் கிளம்பவில்லை. அதன் டயரில் ஓர் உதை விட்டார். அந்த வாரமே விற்றும்விட்டார்.

எலி தலைகுனிந்து திரும்பி வந்தது. "உள்ளே வரலாமா?"

"வா, வா. எதை வேணும்னாலும் கடி," என்றது பழைய கார்.

எலி நன்றியோடு மூன்று வயர்களைக் கடித்தது.

ஞாயிற்றுக்கிழமை சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. ஞானதிரவியம் முகம் மலர்ந்து வீட்டுக்குள் இருந்த மனைவிக்குக் குரல் கொடுத்தார்:

"ஜெபா, இன்னைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடாதே. பெரிய கோளாறு."