கள்ளுக்கடை அழுகை

"தவசுக் காலத்துல குடிச்சிட்டுத் திரியறவனுக்கு மாதா வேசமா? ஏண்டா சவரி, உனக்கே இது அடுக்குமா?"

உபதேசியார் மரியசூசை போட்ட சத்தத்தில் ஒத்திகைக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏரியூர்ப் பக்கம் அந்தச் சின்ன ஊரில் கோவில் காரியம் எதுவானாலும் அவர் வைத்ததுதான் சட்டம். ஏசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்துக்கும் அவர்தான் வாத்தியார்.

சவரி தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் குடிக்கலீங்க."

"பின்ன, பொழுது சாஞ்சா திருட்டுச் சாராயத்துக்கு இல்லாம அந்தப் பாழாப்போன கள்ளுக்கடைக்கு எதுக்குடா போற? பக்கத்துக் காட்டுக்காரர் தீர்த்தகிரி தெனமும் பாக்கறாராம்."

தருமபுரி தனி ஜில்லா ஆகப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வருஷம் அது. கள்ளுக்கடையோ வெள்ளைக்காரன் காலத்திலேயே, மதுவிலக்கு வந்ததோடு மூடிப்போனது. பாதிக் கூரை விழுந்து, சுவரில் எருக்கு முளைத்துக் கிடந்தது. போன வருஷம் மிக்கேலம்மாளின் ஒரே மகன் அதன் விட்டத்தில் தூக்கு மாட்டிக்கொண்டான். அதற்குப் பிறகு ஆடு மேய்ப்பவர்கள்கூட அந்தப் பக்கம் போவதில்லை.

"அங்க போனாத்தாங்க எனக்கு அழுகை வருது. நீங்க எழுதிக் குடுத்த பாட்டுல வரமாட்டேங்குது" என்றான் சவரி.

யாரோ சிரித்துவிட்டார்கள். பாட்டு எழுதியவருக்கு ரோஷம் வராமல் இருக்குமா?

"வேசமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போடா வெளிய!"

சவரி அவர் காலிலேயே விழுந்துவிட்டான்.

"இந்த ஒரு வருசம் மட்டும் விடுங்க. அடுத்த வருசம் கூட்டத்தோட கூட்டமா நிக்கச் சொன்னாலும் நிக்கறேனுங்க."

மீசையை மழித்துக்கொண்டு சேலை கட்ட ஊரில் வேறு எவனும் தயாராக இல்லை. அதனால் மட்டுமே வேஷம் அவனிடம் தங்கியது.

பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாடகம். சிலுவையடியில் நீலச் சேலையோடு உட்கார்ந்த சவரி, உபதேசியாரின் பாட்டில் ஒரு வரிகூடப் பாடவில்லை. மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"எறக்குங்கய்யா எம் மவன, எம் மடியில கெடத்துங்கய்யா...
தொங்கற புள்ளயத் தொட்டெறக்க ஒரு கை இல்லியா...
ஊரெல்லாம் மண்ணிருக்க எம் புள்ளைக்கு ஆறடி இல்லியா..."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். ஆண்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். வாத்தியார் என்பதையும் மறந்து மரியசூசை தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்தப் பயல் இப்படி அழ எங்கே கற்றான்? பொழுது சாயும் நேரத்தில் அவரே கள்ளுக்கடைக்கு நடந்தார்.

சுவருக்கு இந்தப் பக்கம் வரும்போதே கேட்டது. அதே ஒப்பாரி, ஒரு வார்த்தை மாறாமல். விட்டத்துக்குக் கீழே வெறுந்தரையில் முகம் புதைத்து மிக்கேலம்மாள் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் சவரி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

உபதேசியார் அவனை வெளியே இழுத்து வந்தார்.

"அடப்பாவி! பெத்தவ வயிறெரிஞ்சு அழுவறதைத் திருடியாடா பேர் வாங்கினே? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

சவரிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"தூக்கு மாட்டிக்கிட்டவனுக்குக் கல்லறையில எடமில்லைன்னு நீங்க சொல்லிட்டீங்க. துக்க மணியும் அடிக்கல. கயித்தை அறுத்து எறக்கினது அந்தம்மா, காட்டோரமா குழி வெட்டினதும் அந்தம்மா. பாவம் ஒட்டிக்கும்னு ஒருத்தரும் அது வூட்டு வாசப்படியை மிதிக்கல. நானுந்தாங்க மிதிக்கல."

உபதேசியாரின் பிடி தளர்ந்தது.

"'எம் மவனுக்காக ஒரு சனம் அழுவலியே சவரி'ன்னு தெனமும் கேக்குதுங்க. நான் என்னத்தைச் சொல்லுவேன்? அதான் நேத்து ஊரையே அழ வெச்சேன். கூட்டத்துக்குப் பின்னால, இருட்டுல நின்னு அந்தம்மா கண்ணாரப் பாத்துதுங்க. நீங்க அழுததையுந்தான்."