பதினோராவது நாள்

“குழந்தைக்கு எத்தன வயசுங்க?”

“எனக்குத்தான்” என்றாள்.

கராத்தே மாஸ்டர் நோட்டிலிருந்து நிமிர்ந்தார். சேலையைப் பார்த்தார். நரையைப் பார்த்தார்.

“உங்களுக்குங்களா? லேடீஸுக்கு மேல மாடில ஜும்பா நடக்குதுங்க. காலைல ஆறு மணி. ஒடம்பு நல்லா கொறையும்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

உடம்பு குறைய அவள் வரவில்லை.

நாற்பத்தொரு வயது. டோல்கேட்டில் நான்காவது லேனில் ஆறு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு நாளைக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஃபாஸ்டேக் வேலை செய்யவில்லை. பணமாகக் கட்டச் சொன்னாள். மறுபடியும் சொன்னாள். காரோட்டி வந்தவன் இறங்கினான். ஜன்னலுக்குள் கையை விட்டு அறைந்தான்.

அவள் மூக்குக்கண்ணாடி தெறித்து மேஜைக்கு அடியில் விழுந்தது. அவள் அதைத் தேடி எடுப்பதற்குள் கார் போய்விட்டது.

பின்னால் நின்ற லாரியில் யாரோ படம் பிடித்திருந்தார்கள். பதினான்கு விநாடி. அதற்கு ஒரு பாட்டுப் போட்டிருந்தார்கள். மகளின் காலேஜ் குரூப் வரைக்கும் வந்தது.

மேனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

“பெரிய எடத்து ஆளும்மா. போலீஸு கீலீஸுன்னு போனா நம்மளுக்குத்தான் இம்சை. மூணு நாள் லீவு எடுத்துக்க.”

சரிங்க சார் என்று சொல்லிவிட்டாள்.

வாங்கிய அறையைவிட அதுதான் எரிந்தது. அந்த ‘சரிங்க சார்’.

அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய் வலித்தது. தூக்கத்திலும் கடித்தாள். மாவு பிசையும்போது மகள் பாத்திரத்தை வாங்கி வைத்தாள். “போதும்மா. அது செத்துருச்சு.”

இரண்டாவது இடம் பெரிய ஹால். ஏசி. சுவர் முழுக்கக் கண்ணாடி. அலமாரியில் கோப்பைகள். ஒரே வருடத்தில் கறுப்பு பெல்ட் என்று பலகையே மாட்டியிருந்தார்கள்.

அங்கிருந்த மாஸ்டர் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உற்சாகமானார்.

“நீங்க அந்த டோல்கேட் வீடியோவுல வர்றவங்கதானுங்க?”

அவள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

“ஃபீஸே வேண்டாங்க. ஒரே ஒரு வீடியோ எடுத்துக்கறோம். அன்னிக்கு அடி வாங்குனவங்க, ஆறு மாசத்துல ஓடு ஒடைக்கறாங்க. செமையா போகும்.”

சொல்லும்போதே போனை உயர்த்திவிட்டார்.

அவள் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினாள். மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். வைத்த சத்தத்தில் ஹாலில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏனுங்க, நான் என்ன சொல்லிட்டேன்?”

படிகளை இரண்டிரண்டாக இறங்கினாள். பயத்தில் இல்லை.

மூன்றாவது இடத்துக்குப் பெயர்ப்பலகை இல்லை. நெசவாளர் காலனி சமுதாயக் கூடம். வெறும் சிமெண்டுத் தரை. இருபது பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். சொல்லிக்கொடுப்பவள் ஷமீமா. முப்பது வயது இருக்கும். ஒரு முழங்காலில் கட்டு.

“கிளாஸ் முடியட்டுங்க” என்று வாசலைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் திரும்பவே இல்லை.

அவள் தூணோரம் நின்று பார்த்தாள்.

இரண்டு பெண்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். உயரமாக இருந்தவள் விலாவில் ஓங்கி ஒன்று வைத்தாள். சின்னவள் மடங்கினாள். ஷமீமா கையைத் தட்டினாள். அடித்தவளை ஓரமாக உட்காரச் சொன்னாள். சின்னவளுக்கு முன்னால், கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்தாள்.

“இன்னும் ஆடறயா? வேண்டாமா?”

சின்னவள் யோசித்தாள். “வேண்டாங்க்கா.”

“சரி.”

அவ்வளவுதான். யாரும் அந்தப் பெண்ணைச் சமாதானம் செய்யவில்லை. சிரிக்கவும் இல்லை.

தூணோரம் நின்றவளிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. அதற்கும் கோபம்தான் வந்தது.

பிள்ளைகள் போன பிறகு ஷமீமா கேட்டாள்.

“எதுக்குங்க கத்துக்கணும்?”

தற்காப்பு, உடற்பயிற்சி, மன உறுதி. சொல்ல எத்தனையோ இருந்தன.

“ஒருத்தன அடிக்கணும்.”

ஷமீமா புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. அவள் தோளைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பார்த்தாள்.

“ரெண்டு வருசமாவது ஆகுங்க்கா. முட்டிக்கும் நல்லதில்ல.”

“அது வரைக்கும்?”

ஷமீமா முழங்கால் கட்டை அவிழ்த்து இறுக்கினாள்.

“தெரியலீங்க.”

முதல் இடத்தில் எல்லாம் தெரிந்திருந்தது. இரண்டாவது இடத்திலும். மேனேஜருக்கும்.

அவள் சேர்க்கைத் தாளை வாங்கி நிரப்பினாள். வயது என்ற இடத்தில் அழுத்தி எழுதினாள். கொடுத்தாள். போகவில்லை.

“இன்னொரு வெள்ளத்தாள் இருக்குங்களா?”

ஷமீமா வருகைப் பதிவு நோட்டிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள்.

தரையிலேயே உட்கார்ந்தாள். ‘அனுப்புநர்’ என்று எழுதினாள். கீழே, சு. கோகிலவாணி. கீழே, கட்டணம் வசூலிப்பவர், லேன் எண் 4. ‘பெறுநர்’ என்று எழுதும்போது பேனா தாளைக் கிழித்தது. கிழிசலுக்குப் பக்கத்திலேயே தொடர்ந்தாள்.

ஷமீமா எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே சொன்னாள்.

“நாளைக்குச் சாயந்தரம் அஞ்சரைக்கு வந்துருங்க்கா.”

“லேட்டாகும்” என்றாள் கோகிலவாணி, தலை நிமிராமல். “ஸ்டேசன்ல உக்கார வெப்பாங்க.”