கழுவக் கொடுத்த ரோல்

"அண்ணாத்தே, கதவைச் சாத்து. மொதல்ல கதவைச் சாத்து!"

பக்கத்துக் கடை சைக்கிள் மெக்கானிக் சேட்டு இப்படிப் பதறிச் சின்னப்பன் பார்த்ததே இல்லை. மேற்குத் தாம்பரத்தில் பதினாலு வருஷமாக போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறவர் அவர். கல்யாணம், காதுகுத்து, சர்ச்சில் புதுநன்மை என்று எத்தனையோ பிலிம் ரோல் கழுவியாயிற்று. இன்றைக்குத்தான் டார்க் ரூமிலிருந்து ஈரப் படங்களோடு வெளியே ஓடி வந்தார். யாரிடமாவது சொல்லாவிட்டால் தாங்காது. சேட்டுவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் மறுபடி குனிந்து பார்த்தார்கள்.

படத்தில் ஒரு ஆள். முப்பது வயசு இருக்கும், நம்ம ஊர் முகம். மேஜை முன்னால் உட்கார்ந்து, நீளத் துப்பாக்கியைத் தோளில் அணைத்துக் குறி வைக்கிறான். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. காதில் ஹெட்போன். துப்பாக்கியிலிருந்து ஒரு ஒயர் கிளம்பிக் காதுக்குப் போகிறது. ஒரு வெள்ளைக்காரன் அவன் முழங்கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுக்கிறான். கடைசிப் படத்தில் ஆளே இல்லை. வட்டம் வட்டமாகப் போட்ட ஓர் அட்டை. அதன் நடுப் பொட்டில் அஞ்சு ஓட்டை.

"ஒயரு இன்னாத்துக்கு அண்ணாத்தே?"

"யாருக்குடா தெரியும்? எப்ப சுடணும்னு காதுல உத்தரவு வருதோ என்னவோ!"

"கறுப்புக் கண்ணாடி வேற. மூஞ்சி தெரியக் கூடாதுன்னு உஷாரா கீறான். ரோல் யாரு குடுத்தது?"

"ஒரு பொண்ணு. அபிதகுஜாம்பாள்னு பேரு. சேலையூராம். 'எங்கண்ணா மூணு மாசம் ட்ரெயினிங்குக்கு லண்டன் போயிட்டு வந்தான், அங்க எடுத்தது. நான்கூடப் பாக்கக் கூடாதாம், அவனே வந்து வாங்கிப்பான்'னு ரெண்டு தடவை சொல்லிச்சு."

"ட்ரெயினிங்கா! கூடப் பொறந்ததுக்கே காட்ட மாட்டானாமா? செத்தோம்!"

அது தொண்ணூற்றொன்று, ஜூன் மாதம். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. போலீஸ் ஜீப் சத்தம் கேட்டாலே தாம்பரத்து ஜனங்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். பீர்க்கன்கரணையில் வாடகைக்கு இருந்த இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனதாக முந்தின நாள்தான் பேச்சு.

"ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிடட்டுமா?" என்றார் சின்னப்பன்.

"சொல்லு. உன்கிட்ட ஏன் குடுத்தான்னு கேட்டே முட்டிக்கு முட்டி தட்டுவான்."

"சொல்லாம வுட்டா?"

"நாளைக்கு அவன் மாட்டிக்கினா, படம் யாரு போட்டதுன்னு போலீஸ்காரன் தேடிகினு வருவான். கவர் மேல உன் கடை பேரு கொட்டையா கீது. ரெண்டு பக்கமும் பேஜார். பேசாம எரிச்சிடு. லைட் பட்டு ரோலே வீணாப்பூட்ச்சின்னு சொல்லு. அவன் இன்னா கோர்ட்டுக்கா போவான்?"

சின்னப்பனுக்கு மனைவி தனமும் இரண்டு பெண் குழந்தைகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். பெரியவளுக்கு இந்த வருஷம்தான் பத்தாவது. வாடிக்கையாளர் படத்தை இதுவரை அவர் ஒரு மூலைகூட மடக்கியதில்லை. ஆனால் பயம் யாரை விட்டது? கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. படங்கள், நெகட்டிவ் எல்லாவற்றையும் உள்ளே போட்டார். சுருண்டு, பொசுங்கி, ஒன்றுமில்லாமல் போகிற வரைக்கும் அங்கேயே நின்றார். "சேசுவே, காப்பாத்து" என்று வாய் முணுமுணுத்தது.

திரும்பி வந்து கதவைத் திறந்து ஐந்து நிமிஷம் இருக்காது. வாசலில் ஒரு ஆட்டோ நின்றது.

இறங்கியவனைப் பார்த்ததும் சின்னப்பன் கவுண்டருக்குப் பின்னால் ஒதுங்கினார். அதே முகம். அதே கறுப்புக் கண்ணாடி.

ஆட்டோ போய்விட்டது. வந்தவன் படிக்குக் கீழேயே நின்றான். தோள்பையில் கையை விட்டு, கட்டையாக ஏதோ இரும்புக் குழாய்களை எடுத்தான். டக். டக். டக். ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு அது நீளமாயிற்று.

"மாட்டறான் அண்ணாத்தே... மாட்டறான்!" என்று சேட்டு கவுண்டருக்கு அடியில் புகுந்துவிட்டான். சின்னப்பனுக்கு ஓடத்தான் ஆசை. வாசலிலோ அவன் நிற்கிறான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

படியில் 'தட்' என்று ஒரு சத்தம். அடுத்த படியில் ஒன்று. பிறகு கவுண்டர் பலகையில்.

"சார், ஸ்டூடியோதானே? யாராவது இருக்கேளா?"

சின்னப்பன் கண்ணைத் திறந்தார். வந்தவர் ஒரு கையால் கவுண்டரின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். மறு கையில் வெள்ளை மடக்குக் கோல்.

"நான் ஸ்ரீரங்கன். என் தங்கை ஒரு ரோல் குடுத்தாளே. பார்வை இல்லாதவாளுக்கு டெலிபோன் ஆபரேட்டர் ட்ரெயினிங்னு லண்டன் போயிருந்தேன் சார். அங்க ஒரு கிளப்புல எங்களுக்கும் துப்பாக்கி சுடச் சொல்லிக் குடுத்தா. குறி நடுவுக்கு வர வர, காதுல சத்தம் ஏறும். அதைக் கேட்டுண்டே சுடணும். அஞ்சு குண்டும் நடுப் பொட்டுலேன்னு எல்லாரும் கை தட்டினா. கண்ணு தெரியாதவனாச்சேன்னு மனசு நோகாம சொல்றாளோன்னு எனக்கு ஒரே பயம். என் தங்கைகூட அப்படித்தான் சொல்லுவா. நீங்க யாரோ, நான் யாரோ. உங்களுக்குப் பொய் சொல்லணும்னு இல்ல. கடைசிப் படத்துல அந்த அட்டை இருக்குமே, பாத்தேளா? உள்ளதைச் சொல்லுங்கோ சார்."

லைட் பட்டுப் போச்சு என்று சொல்லத்தான் சின்னப்பன் வாயைத் திறந்தார்.

"பாத்தேன் சார். அஞ்சும் நடுவுலதான். சத்தியமா."

ஸ்ரீரங்கன் முகமெல்லாம் சிரிப்பாகக் கையை நீட்டினார்.

"அந்தப் படத்தை மட்டும் தனியா என் கையில குடுங்கோ சார், எங்கம்மா நம்பவே மாட்டேங்கறா."