கடலுக்கு முதுகு கொடுத்து

மெரினாவில் வெயில் நகரத்தின் பக்கமிருந்து சாய்கிறது. கம்பத்திலிருந்து முதன்முறையாகச் சென்னை பார்க்க வந்த மதலேனாள் அத்தை, முழங்கால் நீரில் கடலுக்கு முதுகு கொடுத்து நிற்கிறாள். முல்லையாற்றில் இழுப்பைத் தாங்க அப்படித்தான் நிற்பாள். கடலைப் பற்றிப் படிக்கும் மாலை வகுப்பின் நோட்டில் குறிப்பதற்காக, நான் அவளருகே நின்று அலைகளை எண்ணுகிறேன். ஏழாவது உயர்ந்து வருகிறது. எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று தயங்கிவிட்டுக் கத்துகிறேன். "அத்தே, பின்னால பாருங்க!" அவள் சிரிக்கிறாள். "ஏலே, ஆத்துலயே கெடந்தவளுக்கு நீ சொல்லித் தர்றியாக்கும்?" அலை அவள் தோளுக்கு மேல் உடைகிறது. நுரைக்குள் துழாவுகிறேன், ஜெபமாலை சுற்றிய மணிக்கட்டு அகப்படுகிறது. நீர் திரும்பும்போது எங்கள் காலடி மணலும் சேர்ந்து ஓடுகிறது. "வந்த தண்ணி ஏன்டா திரும்பிப் போகுது?" என்கிறாள். கரையேறிய பின்பும் அவள் கடலுக்கு முதுகு காட்டுவதில்லை; கடலைப் பார்த்தபடியே, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, சாலை வரை பின்புறமாகவே நடக்கிறாள்.