கஞ்சியில் இஞ்சி

புளியைத் தொட்டுத் தொட்டுப் பித்தளைக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் வேலாயி. விடிந்தால் மலைத்தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம். பிள்ளையின் கண் ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தால் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டது. பிள்ளை இப்போது ஈ பறந்தாலும் எட்டிப் பிடிக்கிறாள்.

"குடத்தைக் கவுத்து வையி. நாளைக்கு உனக்கு அங்க வேலையில்ல."

நிமிர்ந்தாள். வாசலில் கங்காணி அமிர்தலிங்கத்தின் சம்சாரம் மணியம்மா. பின்னாலேயே கங்காணி. கோயில் தலைவரும் அவர்தான்.

"ஏன் அண்ணி?"

"ஏனா? உன் புருசன் கம்போங் ராஜா டவுன் கடையில உக்காந்து அளந்திருக்கானே, அதைக் கேளு."

உள்ளே தூளி ஆட்டிக்கொண்டிருந்த இருளப்பன் தலையை நீட்டினான்.

"நான் என்ன அளந்தேன்? கோலாலம்பூர்ல நாங்க தங்குன ஹோட்டலைப் பத்திச் சொன்னேன். அந்தத் தெருவுல அண்ணன் தம்பிங்க ஒத்துமைன்னா அப்படி ஒரு ஒத்துமை! சாயங்காலமானா பவுடர் போட்டுக்கிட்டு, ஒரே மாதிரி சட்டை மாட்டிக்கிட்டு, கையைக் கோத்துக்கிட்டுப் போறாங்க. நம்ம லயத்துல அண்ணன் தம்பி கோழிக்கூண்டுக்கு வெட்டிக்கிறான்லா!"

மணியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணன் தம்பியா! கோலா தெர்லா ஊரு லோரிக்காரன் எல்லாத்தையும் சொல்லிட்டான். அது ஆம்பளையும் ஆம்பளையும் ஜோடி சேர்ற இடமாம். தெரு முழுக்க அவங்க ஆட்டம் பாட்டக் கடைதானாம்!"

இருளப்பன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அதானே பாத்தேன். கூடப் பொறந்தவன் எவன் அவ்வளவு பிரியமா இருப்பான்?"

"வாயை மூடு!" என்றார் கங்காணி. "ஏம்மா வேலாயி, கோலாலம்பூர்ல வேற ஹோட்டலே இல்லியா?"

"ஆஸ்பத்திரிக்குக் கிட்ட அண்ணே. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நடந்தே போயிரலாம்."

"குடும்பப் பொம்பள தங்குற இடமா அது? மூணு நாள் அங்க கெடந்துட்டு வந்து, நாளைக்கு ஆத்தா தலையில பால் ஊத்துவியா? தீட்டு! நான் தலைவரா இருக்கிற வரைக்கும் நடக்காது."

வேலாயிக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டுவாள். ஆனாலும் குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டுதல் அண்ணே. எடுக்காம விட்டா பிள்ளைக்கு ஆகாது."

"அதை அங்க படியேறுறதுக்கு முன்னால யோசிச்சிருக்கணும்."

"அவங்க நல்லவங்கதான் அண்ணே. கண்ணுல கட்டோட பிள்ளை பாலைக்கூடத் தொடாம அழுதுச்சு. ஹோட்டல்ல சமைக்கிறவரு, ஒதட்டுக்குச் சாயம் பூசியிருப்பாரு, அவருதான் கஞ்சி காச்சி ஊட்டிவிட்டாரு."

"அந்தக் கையால கஞ்சியா!" மணியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கங்காணிக்குக் கோபம் தலைக்கேறியது. "அதைப் போயி பச்சப் புள்ளைக்குக் குடுப்பாங்களா? அந்த லில்லி இஞ்சியை அள்ளிப் போடுவானே, நாக்கே பொத்துப் போகுமே!"

பக்கத்து வீட்டு ரேடியோவில் நேயர் விருப்பம் மட்டும் கேட்டது.

மணியம்மா மூக்கிலிருந்து மெல்லக் கையை எடுத்தாள்.

"லில்லியா?"

கங்காணி தொண்டையைச் செருமினார். மீசையைத் தடவிப் பார்த்தார். மீசை இருந்த இடத்திலேயே இருந்தது.

"வேலாயி பேரே சொல்லலியே. மாசாமாசம் சங்கக் கூட்டம்னு கோலாலம்பூர் போறவருக்கு, லில்லி கஞ்சியில இஞ்சி போடுறது எப்படித் தெரியும்?"

அந்தக் குளிரிலும் கங்காணிக்கு நெற்றி வேர்த்தது.

"நான்தான் அண்ணி சொன்னேன்" என்றாள் வேலாயி.

மூன்று பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நேத்துப் பெரட்டுல. பிள்ளைக்கு எப்படி இருக்குன்னு அண்ணன் கேட்டாரு. லில்லி, கஞ்சி, இஞ்சி... எல்லாம் நான்தான் சொன்னேன்."

"நீயா? உனக்கு வாய் இருக்கிறதே இன்னிக்குத்தான்டி எனக்குத் தெரியும்!"

"ஆமாமா, சொல்லுச்சு, சொல்லுச்சு" என்றார் கங்காணி அவசரமாக. "பாவம், பிள்ளைக்கு வேண்டுனது. ஆத்தாளுக்கு எல்லாரும் ஒண்ணுதான். எடுக்கட்டும். மொதல் குடமே வேலாயி எடுக்கட்டும்."

"இப்பத்தானே தீட்டுன்னீங்க?" என்றான் இருளப்பன்.

"மஞ்சத்தண்ணி தெளிச்சாச் சரியாப் போவும். நீ சும்மா இருலா!"

மணியம்மா புருசனை ஒரு பார்வை, வேலாயியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு நடந்தாள். இருளப்பன் தூளியை ஆட்டப் போனான்.

கங்காணி நகரவில்லை. செருப்பைத் தேடுவது போலக் குனிந்தார். செருப்பு காலில்தான் இருந்தது.

"வேலாயி... நீ என்னை அங்க பாத்தியா?"

அவள் மறுபடி குடத்தைத் தேய்க்க ஆரம்பித்திருந்தாள்.

"பாத்தேன் அண்ணே. ஹோட்டலுக்குக் கீழ இருக்கிற கடையில. உங்க கண்ணுல படக்கூடாதுன்னு பிள்ளையோட தூணுக்குப் பின்னால ஒதுங்கிட்டேன்."

"யாருகிட்டயும்..."

"எங்க வீட்டுக்காரருகிட்டகூடச் சொல்லல." அவள் தலை நிமிரவில்லை. "பக்கத்துல ஒருத்தரு, கண்ணாடி போட்டவரு, என்னமோ சொன்னாரு. நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீங்க. நான் வாக்கப்பட்டு வந்து எட்டு வருசமாச்சு அண்ணே, இந்தத் தோட்டத்துல ஒரு நாளாச்சும் நீங்க அப்படிச் சிரிச்சு நான்..."

"ஏ வேலாயி! பிள்ளை முழிச்சிருச்சு, வா!"