மேல்வீட்டு ஆல்பங்கள்

“முதல்ல அந்த அழுவுற ஆளு சார். திங்கக்கெழம வருவானே, அவன்” என்றாள் புஷ்பம்.

கேசவன் வெள்ளைத்தாளில் ‘1’ என்று போட்டு வட்டமிட்டார். “ஆல்பம் பேர் என்னம்மா?” என்று கெசியாவைக் கேட்டார்.

“டின் ரூஃப் விண்டர், அங்கிள். நான் ஒண்ணு சொல்லலாமா...”

“உன் முறை வரும். அதுவரைக்கும் கேட்டதுக்கு மட்டும் பதில்.”

சேலையூரில் கேசவனின் கூடத்தில் ஞாயிறு பிற்பகல் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அவருடைய மாடிப் போர்ஷனில் கெசியா குடியிருந்தாள். கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. தனியாக இருக்கிற பெண். அவளுக்கு நேர் கீழே குடியிருப்பவள் புஷ்பம். கோவளத்தில் மீன் எடுத்துத் தாம்பரம் மார்க்கெட்டில் விற்பவள். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதால் இரவு எட்டுக்கே படுத்துவிடுவாள்.

வியாழக்கிழமை புஷ்பம் கேட்டருகே வந்து, “சார், மேல் வூட்டுப் பொண்ணு பாட்டு விசயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றபோது கேசவனுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் மனுக்களோடு வாழ்ந்தவர். ஓய்வு பெற்று நாலு வருடமாக யாரும் அவரிடம் எதைப் பற்றியும் முறையிட்டதில்லை. அவள் அடுத்த வார்த்தை பேசுமுன் கையை உயர்த்தினார். எதுவும் எழுத்து மூலமாக வரவேண்டும் என்றார். பெறுநர், பொருள் எல்லாம் போட்டு மனுவை அவரே எழுதி, அவளிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

புகார் நிரூபணமானால் கெசியா மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு வருடத்தில் இது அவளுக்கு மூன்றாவது வீடு. தனிப் பெண்ணுக்கு வீடு கிடைப்பது எவ்வளவு பாடு என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் காலையிலிருந்து மனம் உற்சாகமாக இருந்தது. அதை நினைத்தால்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“சொல்லுங்க புஷ்பம்மா. அந்த ஆள் என்ன பண்றான்?”

“நல்லாத்தான் அழுவுறான். மூணு பாட்டு வரைக்கும் நம்பலாம். நாலாவதுல சட்டுனு சந்தோசமாயிடறான். அது ஒட்டல.”

“இல்லக்கா, அது வேணும்னே அப்படிப் பண்ணது” என்றாள் கெசியா.

“வேணும்னு பண்ணா மட்டும் நல்லாயிடுமா?”

கேசவன் பேனாவால் மேசையைத் தட்டினார். ‘அழுகைச் சத்தம்’ என்று எழுதிக்கொண்டார். “ரெண்டாவது?”

“புதன்கெழம கிடாரு. ரெண்டு பேரு வாசிக்கறானுங்க. ஒருத்தன் இன்னா சொல்றான்னு இன்னொருத்தன் கேக்கறதேயில்ல. கரையில ஏலம் வுடறாப்புல கீது. டிரம் அடிக்கறவன் மட்டும்தான் யோக்கியன்.”

“ஆரஞ்சு டெலிபோன்னு பேண்ட் பேரு” என்றாள் கெசியா மெதுவாக. “அந்த டிரம்மர் அடுத்த ஆல்பத்துல விலகிட்டாரு.”

“பின்ன. எத்தினி நாளுதான் பொறுப்பான்?”

‘ஏல இரைச்சல்’ என்று கேசவன் எழுதினார்.

“அப்பால ஒரு பொண்ணு. வாயத் தொறக்காமயே பாடும். கட்டில்ல பட்த்துகினு பாடுதோ இன்னாவோ. ஆனா நடுவுல ஒரு பாட்டு, மேளம் ஒண்ணும் கெடையாது, வெறும் ஊதலு. அத்தக் கேட்டுகினே நின்னதுல எங்கூட்டுக் கொழம்பு அடிப்பிடிச்சிருச்சு.”

‘பொருள் சேதம்’ என்று எழுதி அடிக்கோடிட்டார்.

“வண்டலூர் பசங்க ஒரு ஆல்பம் போட்டுகீறானுங்களே, தமிழ்ல. அதுதான் ஒரு வார்த்த புரியல. மத்தவனுங்க இங்கிலீசுல பாடறது நல்லாப் புரியுது.”

கெசியா சிரித்துவிட்டாள். பிறகு தான் இருக்கும் நிலைமை நினைவுக்கு வந்து, தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பு கேசவனைத் தொந்தரவு செய்தது. இந்தப் பெண் மாடிக்கு வந்து ஒன்றரை வருடமாகிறது. அவள் சிரித்து அவர் பார்த்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், வாடகை நாளன்று வந்து நிற்பாள், போவாள்.

“இவ்வளவு விவரமா எப்படித் தெரியும் உங்களுக்கு?”

“ஒண்ணர வருசமா கேட்டுகினு கீறேன் சார். அது வேலைலேர்ந்து வந்து போடும், நான் பாயி விரிப்பேன். எல்லாம் எனக்கு மனப்பாடம்.”

‘ஒன்றரை வருடத் தொந்தரவு’. கடைசிக் கேள்விக்கு வந்தார்.

“தூக்கம் எப்படி?”

“தூக்கமா?” புஷ்பத்தின் குரல் முதன்முறையாக இறங்கியது. “மூணு வாரமா கண்ண மூடல சார். நேத்து மார்க்கெட்டுல சங்கரா மீன வவ்வால் மீனுன்னு கூவிட்டேன். எல்லாரும் சிரிக்கறாங்க.”

கேசவன் எழுதி முடித்துத் தாளை நேராக வைத்தார். தீர்ப்பு அவர் மனதில் தயாராக இருந்தது. அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்றும் முடிவு செய்திருந்தார். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

“இப்ப நீ சொல்லும்மா.”

“மூணு வாரமா நான் ஸ்பீக்கரே போடறதில்ல அங்கிள்” என்றாள் கெசியா. “அக்கா சீக்கிரம் படுக்கறாங்கன்னு ஹெட்போன் வாங்கிட்டேன். அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்.”

கேசவன் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். அவர் புஷ்பத்தைப் பார்த்தார்.

“அத்தத்தானே சார் நானும் வியாழக்கெழமலேர்ந்து சொல்ல வர்றேன்” என்றாள் புஷ்பம். “காதுல மாட்டிக்கினு அது மட்டும் ஒண்டியா கேக்குது. கீழ ஒருத்தி பட்த்துகினு கீறாளேன்னு ஒரு நெனப்பு வேணாமா?”